கடல் கடந்து வந்த மொழி

உலகப் படத்தில் சிங்கள மொழி இருக்கும் இடம் விசித்திரமானது. அதன் உறவு மொழிகளான ஹிந்தி, வங்காளம், குஜராத்தி, மராத்தி, ஒடியா எல்லாம் வட இந்தியாவிலும் மத்திய இந்தியாவிலும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. பருத்தித்துறையிலிருந்து வடக்கு நோக்கி ஒருவர் புறப்பட்டால் முதலில் தமிழ் பேசும் ஊர்கள் வரும், பிறகு தெலுங்கு பேசும் ஊர்கள் வரும். ஒடியா பேசும் ஊரைக் காண்பதற்குள் ஆயிரம் கிலோமீற்றர் போய்விடும். இவ்வளவு பெரிய திராவிட மொழி நிலம் நடுவே கிடக்க, அந்தக் குடும்பத்து மொழியொன்று எப்படி இந்தத் தீவுக்கு வந்து வேரூன்றியது?

சிங்களத்துக்கு உடன்பிறந்த மொழி ஒன்று உண்டு. அது இந்தியாவில் இல்லை. எமக்கு மேற்கே, கொழும்பிலிருந்து ஏறத்தாழ 750 கிலோமீற்றர் தூரத்தில் கடலுக்குள் சிதறிக் கிடக்கும் மாலைதீவில் பேசப்படும் திவெஹி மொழிதான் அது. அந்த மக்கள் முஸ்லிம்கள். அவர்கள் தம் மொழியை அரபைப் போல வலமிருந்து இடமாக எழுதுகிறார்கள்.

தரம் 6 முதல் இரண்டாம் மொழியாகச் சிங்களம் படித்த எல்லோருக்கும் எக்க, தெக்க, துன, ஹத்தர, பஹ, ஹய, ஹத்த, அட்ட, நமய, தஹய என்று எண்ணத் தெரியும். மாலைதீவுப் பிள்ளை எண்ணுவதைக் கேளுங்கள்: எக்கே, தேய், தினே, ஹத்தரே, ஃபஹே, ஹயே, ஹத்தே, அஷே, நுவயே, திஹயே. நான்கையும் ஐந்தையும் கவனியுங்கள். ஹிந்தியில் அவை சார், பாஞ்ச். சமஸ்கிருதத்தில் சதுர், பஞ்ச. அந்தச் சகரம் தேய்ந்து தேய்ந்து ஹகரமான மாற்றம் சிங்களத்திலும் திவெஹியிலும் ஒரே மாதிரி நடந்திருக்கிறது. சந்திரன் சிங்களத்தில் ஹந்த, திவெஹியில் ஹந்து. சூரியன் இர, இரு. பால் கிரி, கிரு. வீடு இரண்டிலும் கே. அயல் வீட்டாரிடம் கேட்டு வாங்கிய சொற்கள் இப்படி ஒழுங்காக ஒத்துப் போவதில்லை.

இங்கே ஒரு விடயத்தை விளக்க வேண்டும். தமிழிலும் சந்திரன், சூரியன் என்கிறோம். அதனால் தமிழும் சமஸ்கிருதத்துக்கு உறவு என்று ஆகிவிடுமா? ஆகாது. இரவல் வாங்கிய சொல் பெரும்பாலும் வாங்கிய கோலத்திலேயே இருக்கும். பரம்பரையாக வந்த சொல் வீட்டுப் பாத்திரம் போல் புழங்கிப் புழங்கித் தேய்ந்திருக்கும். சிங்களத்தில் இரண்டும் உண்டு: சந்த்ர என்பது பிற்காலத்தில் நூல்வழி வந்தது, ஹந்த என்பது வாய்வழி வந்தது. எண்ணுப் பெயர்களையும் உடலுறுப்புப் பெயர்களையும் மக்கள் எளிதில் இரவல் வாங்குவதில்லை. நாம் ஒன்று, இரண்டு, மூன்று என்று சொந்தச் சொற்களால் எண்ணுகிறோம். தமிழ் வேறு குடும்பம் என்பதற்கு அதுவே ஒரு சாட்சி.

1786இல் கல்கத்தாவில் சேர் வில்லியம் ஜோன்ஸ் என்ற நீதிபதி, சமஸ்கிருதமும் கிரேக்கமும் இலத்தீனும் ஒரே ஊற்றிலிருந்து பிறந்திருக்க வேண்டும் என்று ஓர் உரையில் கூறினார். அந்தப் பெரிய குடும்பத்தின் ஒரு கிளையே இந்தோ-ஆரியம். அதைப் பேசியவர்களின் பழைய இடம் என்று பாடநூல்கள் காட்டுவது இன்றைய பாகிஸ்தானும் வடமேற்கு இந்தியாவும். அங்கே அந்த மொழி பேசுவோர் மத்திய ஆசியப் புல்வெளிப் பக்கமிருந்து கி.மு. இரண்டாயிரத்துக்குப் பின் வந்து கலந்தனர் என்பதே இன்று பெரும்பாலான ஆய்வாளரின் கருத்து. இந்தியாவில் இதை மறுப்பவர்களும் இருக்கிறார்கள். அந்த வாதத்துக்குள் நான் போகப் போவதில்லை. அந்தப் பழகிய நிலத்தையும் தாண்டி அம்மொழி எங்கெல்லாம் போனது என்பதே எனக்கு ஆர்வமூட்டியது.

மிகப் பழைய சாட்சி இந்தியாவில் இல்லை என்பதுதான் முதல் ஆச்சரியம். துருக்கியில் பொகாஸ்கோய் என்ற ஊரில் 1906இல் அகழ்வு தொடங்கியபோது, ஹிற்றைற்று அரசர்களின் களிமண் ஏடுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்தன. அவற்றுள் ஒன்று, கி.மு. 14ஆம் நூற்றாண்டில் ஹிற்றைற்று மன்னன் சுப்பிலுலியுமாவும் மித்தானி நாட்டு இளவரசன் ஷத்திவாசாவும் செய்துகொண்ட உடன்படிக்கை. மித்தானி என்பது இன்றைய வட சிரியாவிலும் வட ஈராக்கிலும் இருந்த அரசு. உடன்படிக்கைக்குச் சாட்சியாக இரு தரப்பாரும் தத்தம் தெய்வங்களைப் பெயர் சொல்லி அழைக்கின்றனர். மித்தானியின் நீண்ட பட்டியலில் மித்திரன், வருணன், இந்திரன், நாசத்தியர் என்ற பெயர்கள் இருக்கின்றன. நான்கும் வேதத்துப் பெயர்கள். ஏடோ சிரியப் பாலைவனத்துக்குப் பக்கத்து அரசனுடையது.

இன்னோர் ஏடு குதிரைப் பயிற்சி பற்றியது. எழுதியவர் பெயர் கிக்குலி. மித்தானியைச் சேர்ந்த குதிரைப் பயிற்சியாளர் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டு, தேர்க்குதிரைக்கு எப்போது தண்ணீர் காட்டுவது, எவ்வளவு தூரம் ஓட்டுவது, எப்போது குளிப்பாட்டுவது என்று நாள் நாளாக எழுதியிருக்கிறார். ஏட்டின் மொழி ஹிற்றைற்று. ஆனால் சுற்று ஓட்டங்களைக் குறிக்கும்போது மட்டும் வேறு மொழிச் சொற்கள் வந்து விழுகின்றன: ஐக வர்த்தன்ன, தேர வர்த்தன்ன, பன்ஸ வர்த்தன்ன, சத்த வர்த்தன்ன. ஒரு சுற்று, மூன்று சுற்று, ஐந்து சுற்று, ஏழு சுற்று. எக்க, பஹ, ஹத்த என்று எமக்குச் சிங்களப் பாடத்தில் சொல்லித் தந்த எண்களின் மூத்த உறவினர் இவர்கள். சமஸ்கிருதத்து ஏகத்தைவிட ஐக என்பது இன்னும் பழைய உச்சரிப்பு என்று மொழியியலாளர் சொல்வர்.

அப்படியானால் மித்தானி மக்கள் இந்தோ-ஆரியம் பேசினார்களா? இல்லை. மக்கள் பேசியது ஹுர்ரியம் என்ற வேறொரு மொழி. அரச பரம்பரையின் சில பெயர்களும், சில தெய்வங்களும், தேரும் குதிரையும் சார்ந்த சில சொற்களும் மட்டுமே அங்கே மிஞ்சின. தேரோட்டத் தெரிந்த ஒரு சிறு கூட்டம் எப்போதோ மேற்கே வந்து, படை நடத்தி, அரசாகி, உள்ளூரில் மணம் முடித்து, பிள்ளைகளின் காலத்திலோ பேரப்பிள்ளைகளின் காலத்திலோ தன் மொழியை இழந்திருக்க வேண்டும். அவர்கள் இந்தியாவிலிருந்து திரும்பிப் போனவர்கள் அல்லர், இந்தியாவுக்கு வரும் வழியிலேயே பிரிந்தவர்கள் என்று பெரும்பாலானோர் கருதுகின்றனர். கிக்குலியை நினைத்தால் எனக்கு எமது ஊர் மெக்கானிக்மார்தான் ஞாபகம் வருகிறார்கள். வீட்டில் சுத்தத் தமிழ், வாகனத்துக்குக் கீழே படுத்துவிட்டால் பிரேக், கிளச், கியர்.

இனி எமது தீவுக்கு வருவோம். சிங்கள மொழி வந்த கதையை மகாவம்சம் ஒரு விதமாகச் சொல்கிறது. கி.பி. ஐந்தாம் நூற்றாண்டளவில் பாளியில் எழுதப்பட்ட அந்த நூல், லாள நாட்டுச் சிங்கபுரத்து இளவரசன் விஜயன் எழுநூறு தோழருடன் கப்பலில் வந்து இறங்கினான் என்கிறது. லாள நாடு குஜராத் பக்கமா வங்காளப் பக்கமா என்று அறிஞர்கள் நூறு வருடமாக வாதாடுகிறார்கள். சிங்களத்தின் பழைய வடிவத்தில் மேற்குப் பிராகிருதத்தின் சாயலும் உண்டு, கிழக்குப் பிராகிருதத்தின் சாயலும் உண்டு. இரு கரையிலிருந்தும் பல தலைமுறைகளாக ஆட்கள் வந்திருந்தால் அப்படித்தான் இருக்கும்.

விஜயன் கதையில் எனக்குப் பிடித்த பகுதி பலரும் அவசரமாகத் தாண்டிப் போகும் பகுதி. விஜயன் முடிசூட அரச குலத்துப் பெண் வேண்டும் என்று மதுரைக்குத் தூது போகிறது. பாண்டிய அரசன் தன் மகளையும், தோழர்களுக்கு மணமகள்களையும், கூடவே கைவினைக் குடும்பங்கள் பலவற்றையும் அனுப்பி வைக்கிறான். கதை நடந்ததோ இல்லையோ, கதைப்படி பார்த்தாலே முதல் தலைமுறைப் பிள்ளைகள் எந்த மொழியில் தாலாட்டுக் கேட்டிருப்பார்கள்? இதைக் கேட்டபோது வகுப்பில் சிரிப்புத்தான் எழுந்தது. ஆனால் கேள்வி சிரிப்புக்குரியதல்ல.

கதையை விட்டுக் கல்லுக்கும் மண்ணுக்கும் வந்தால் தரை உறுதியாகிறது. அநுராதபுரத்தில் சல்கஹ வத்தை என்ற இடத்தில் நடந்த அகழ்வில் பிராமி எழுத்துப் பொறித்த மட்பாண்டத் துண்டுகள் கிடைத்தன. அவை கி.மு. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தவை என்று அகழ்ந்தவர்கள் காலம் கணித்தனர். அதன் பின் கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலிருந்து தீவெங்கும் குகைகளில் கல்வெட்டுகள் பெருகுகின்றன. பரணவிதான 1970இல் வெளியிட்ட தொகுதியில் மட்டும் ஆயிரத்துக்கு மேற்பட்டவை இருக்கின்றன. பிக்குகள் தங்க இக்குகையைத் தந்தவர் இன்னார் என்பதுதான் பெரும்பாலானவற்றின் செய்தி. தந்தவர்களில் பெண்களும் பலர் இருக்கிறார்கள். மொழி பிராகிருதம், அதாவது சிங்களத்தின் தாய்.

பிராகிருதத்தில் எழுதியவர் எல்லோரும் வீட்டிலும் அதைத்தான் பேசினார்கள் என்று நாம் நினைத்துவிடக் கூடாது. அநுராதபுரம் அபயகிரிப் பக்கத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. தமேட, அதாவது தமிழ், குடும்பத் தலைவர்கள் கூடும் மேடை ஒன்றைப் பற்றியது. மேடையில் யார் யாருக்கு எந்த இருக்கை என்று பெயரும் வெட்டப்பட்டிருக்கிறது. அவர்களுள் ஒருவன் நாவிகன், கப்பல் நடத்துபவன். தமிழ் வணிகர்கள் தமது மேடைக்குத் தாமே போட்ட கல்வெட்டு, ஆனால் மொழி பிராகிருதம். வியாபாரத்துக்கும் சமயத்துக்கும் அந்நாளில் அது பொது மொழியாக இருந்திருக்கிறது. சாவகச்சேரிக் கடைத்தெருவில் இன்று ஆங்கிலப் பெயர்ப்பலகை மாட்டாத கடை எத்தனை? ஆயிரம் வருடம் கழித்து அந்தப் பலகைகள் மட்டும் தோண்டி எடுக்கப்பட்டால், இங்கே ஆங்கிலேயர்தாம் குடியிருந்தார்கள் என்று யாராவது எழுதி வைப்பார்கள்.

எமது குடாநாட்டிலும் அப்படியொரு சான்று உண்டு. இங்கிருந்து கொடிகாமத்தில் திரும்பிப் பருத்தித்துறைப் பக்கம் போனால் வல்லிபுரம் வரும். ஆழ்வார் கோயிலும் மணல் மேடும் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கோயில் அருகே 1936இல் சிறிய பொற்றகடு ஒன்று அகப்பட்டது. அதில் பிராமி எழுத்தில் நான்கு வரிகள். அநுராதபுரத்து வசப மன்னன் காலத்தில், அதாவது கி.பி. முதலாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ, இசிகிராய என்ற அமைச்சர் நாகதீவை ஆண்டபோது, பியகுகதிஸ்ஸ என்பவர் விகாரை ஒன்று கட்டுவித்தார் என்பது செய்தி. நாகதீவு என்பது எமது யாழ்ப்பாணக் குடாநாடு.

பாருங்கள், நான்கே வரித் தகடு. அதை வைத்து எவ்வளவு சண்டை! பிராகிருதத்தில் இருப்பதால் அன்று இங்கே வாழ்ந்தவர்கள் சிங்களவரே என்றனர் சிலர். இசிகிராய என்ற பெயரிலும் தகட்டின் மொழி நடையிலும் திராவிடச் சாயல் தெரிகிறது, பேசியவர்கள் தமிழராகவும் இருக்கலாம் என்றனர் வேறு சிலர். பௌத்தம் என்றவுடன் சிங்களம் என்று முடிவு கட்டுவதும் சரியாகாது. அக்காலத்தில் தமிழ்நாட்டிலும் பௌத்தம் இருந்தது, மணிமேகலை தமிழ்க் காப்பியந்தானே. ஆனைக்கோட்டையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் ஈமக் குழியொன்றில் கண்டெடுத்த சிறு முத்திரையில் கோவேத என்று வாசிக்கப்படும் பிராமி எழுத்துகள் இருக்கின்றன. கோ என்றால் அரசன் என்பது எமக்குத் தெரிந்த தமிழ். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கையில், ஒரு மொழியை மட்டும் அறிந்த ஊராக அன்றைய நாகதீவு எனக்குத் தோன்றவில்லை.

சிங்கள மொழியே இந்தக் கலப்பைத் தன் உடம்பில் வைத்திருக்கிறது. தலையை ஒலுவ, காலை ககுல, கழுத்தை பெல்ல என்கிறோம். இவை வட இந்திய உறவு மொழிகளில் இல்லாத சொற்கள், தமிழும் அல்ல. இந்தோ-ஆரியம் வருமுன் இங்கே வாழ்ந்த மக்களின் மொழியிலிருந்து தப்பி வந்தவையாக இருக்கலாம் என்று அறிஞர் கருதுகின்றனர். அந்த மொழி முழுதாக அழிந்துவிட்டது. தலையும் காலும் கழுத்தும் மட்டும் மிஞ்சியிருக்கின்றன.

தமிழின் பங்கு இதைவிடப் பெரிது. ஹிந்தியில் க, க்ஹ என்று மூச்சு விட்டுச் சொல்லும் எழுத்துகள் வேறு, விடாமல் சொல்லும் எழுத்துகள் வேறு. சிங்களப் பேச்சில் அந்த வேறுபாடு தமிழில் போலவே இல்லை. ஹிந்தியில் இல்லாத குறில் எகரமும் ஒகரமும் சிங்களத்தில் எம்மிடம் போலவே இருக்கின்றன. 'என்று சொன்னார்' என்று நாம் முடிக்கும் இடத்தில் அவர்கள் கியலா போட்டு அதே ஒழுங்கில் முடிக்கிறார்கள். அம்மா, அக்கா இரு மொழிக்கும் பொது. மாமன் மகனுக்கும் பெரியப்பா மகனுக்கும் வெவ்வேறு முறைப்பெயர் வைப்பதும் பொது. வட இந்தியாவில் பல சமூகங்களில் மாமன் மகனும் அண்ணன்தான். இவையெல்லாம் அயலவரைக் கேட்டு இரவல் வாங்குபவை அல்ல. தமிழ் பேசிய பாட்டிமாரும் மாமிமாரும் வீட்டுக்குள்ளேயே இருந்தால்தான் வரும். இரு சமூகங்களும் ஒன்றுக்கொன்று நெருங்கியவை என்றே அண்மைய மரபணு ஆய்வுகளும் காட்டுகின்றன.

இந்தத் தீவில் ஊன்றிய மொழியின் மறு கிளைதான் மாலைதீவுக்குப் போனது. எப்போது பிரிந்தது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஜேர்மன் அறிஞர் வில்ஹெல்ம் கைகர் இரு மொழிகளையும் ஆராய்ந்து 1919இல் திவெஹி பற்றி நூல் வெளியிட்டார். சிங்களத்திலிருந்தே திவெஹி பிற்காலத்தில் கிளைத்தது என்பது அவர் எண்ணம். பின் வந்தவர்கள் அதை ஏற்கவில்லை, இரண்டும் ஒரு தாயிடமிருந்து மிக முன்னமே பிரிந்த சகோதரிகள் என்கின்றனர். சகோதரிகள் என்பதே எனக்கும் பொருத்தமாகப் படுகிறது. சிங்களத்தில் பகரம் இருக்குமிடத்தில் திவெஹியில் ஃபகரம் வரும், பஹ அங்கே ஃபஹே ஆவது போல. மஸ் என்றால் சிங்களத்தில் இறைச்சி, திவெஹியில் மீன். கடல் நடுவே வாழ்பவர்களுக்கு மீனை விட்டால் வேறு என்ன இறைச்சி? எமது வீடுகளில் மாசிச் சம்பல் இடிக்கும் மாசி அங்கிருந்து கப்பலில் வந்த பண்டம்தான்.

மாலைதீவு மக்கள் முதலில் பௌத்தர்களாக இருந்தனர். 1153இல் அவர்களின் அரசர் இஸ்லாத்தைத் தழுவினார். மொழி மாறவில்லை. அந்த நூற்றாண்டின் இறுதியில் பள்ளிவாசல்களுக்காக எழுதப்பட்ட செப்பேடுகள் இன்றும் இருக்கின்றன. அவற்றின் எழுத்து இடமிருந்து வலமாக ஓடும், சிங்களம், தமிழ் எழுத்துகளுக்கு உறவான பழைய எழுத்து. சில நூற்றாண்டுகளின் பின் தானா என்ற புதிய எழுத்தை அவர்கள் ஆக்கிக்கொண்டார்கள். அதை ஆக்கிய விதம் எனக்கு மிகவும் பிடித்தது. முதல் ஒன்பது எழுத்துகள் அரபு எண்கள் ஒன்று முதல் ஒன்பது வரை. அடுத்து வருபவை அவர்களின் பழைய உள்ளூர் எண்களின் வடிவங்கள். உயிர்க்குறிகள் குர்ஆனில் நாம் காணும் ஸபர், ஸேர் போல மேலும் கீழும் இடப்படும். எழுதுவது வலமிருந்து இடம். எழுத்து அரபின் சாயல், எண்ணின் வடிவம், பேசும் மொழி இந்தோ-ஆரியம், பேசுபவர் முஸ்லிம்.

எமது முன்னோரும் இதே வேலையை வேறு விதமாகச் செய்தார்கள். அரபு எழுத்தில் தமிழை எழுதி அறபுத்தமிழ் என்றார்கள். அந்தக் கிதாபுகளை ஓதிய மூத்தவர்கள் சில வீடுகளில் இன்னும் இருக்கிறார்கள். ஆனால் ஒரு வித்தியாசம் பாருங்கள். மாலைதீவார் தொழுகையை நமாது என்றும் நோன்பை ரோதா என்றும் சொல்வர், இரண்டும் பாரசீகத்து நமாஸ், ரோஸா. நாம் தொழுகை, நோன்பு, பெருநாள், பள்ளி என்று தமிழிலேயே சொல்கிறோம். பள்ளி என்ற எமது சொல்லைச் சிங்களவரும் எடுத்துப் பள்ளிய என்று பள்ளிவாசலுக்கும் தேவாலயத்துக்கும் வைத்துக்கொண்டார்கள்.

மேலும் இரு கூட்டத்தாரைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஐரோப்பாவில் நாடோடிகளாக அலைந்த ரோமா மக்களை எகிப்திலிருந்து வந்தவர்கள் என்று நினைத்தே ஆங்கிலேயர் அவர்களுக்கு ஜிப்சி என்று பெயர் வைத்தனர். பதினெட்டாம் நூற்றாண்டில்தான் அவர்களின் மொழியைக் கேட்டு உண்மை தெரிந்தது. யெக், துய், த்ரின், ஷ்தார், பாஞ்ச் என்று அவர்கள் எண்ணுகிறார்கள். ஏழு, எட்டு, ஒன்பதுக்கு வந்தவுடன் எஃப்தா, ஓக்தோ, எஞா என்று கிரேக்கத்துக்குத் தாவிவிடுகிறார்கள். எந்த நாட்டில் நெடுங்காலம் தங்கிப் போனார்கள் என்பதை அந்த மூன்று எண்களும் காட்டிக் கொடுக்கின்றன. மற்றவர்கள் மதுரையில் வாழும் சௌராஷ்டிரர். குஜராத் பக்கமிருந்து படிப்படியாகத் தெற்கே வந்த பட்டு நெசவாளர்கள், வீட்டில் இன்றும் ஓர் இந்தோ-ஆரிய மொழி பேசுபவர்கள். அவர்களுள் ஒருவரின் தமிழ் உச்சரிப்பைப் பெற்றோர் தலைமுறை முழுவதும் மெச்சிக் கேட்டிருக்கிறது: ரி.எம். சௌந்தரராஜன்.

இவ்வளவையும் நான் தேடிப் படித்ததற்குக் காரணம் உண்டு. ஆரியர், திராவிடர் என்ற சொற்கள் எமது நாட்டில் மொழிக்குடும்பத்தின் பெயராக நிற்காமல் இரத்தத்தின் பெயராகிவிட்டன. யார் முதலில் வந்தார், யாருக்கு இந்த மண் என்று கேட்க அவை கருவியாகின. ஆரியர் என்ற சொல்லை ஐரோப்பாவில் பரப்பியவர்களில் ஒருவரான மாக்ஸ் முல்லரே 1888இல், அது மொழியைப் பற்றிய சொல், இரத்தத்துக்கும் எலும்புக்கும் அதில் தொடர்பில்லை என்று எச்சரித்தார். அதைக் கேட்க ஆளில்லை. அதே 1888இல் பொன்னம்பலம் இராமநாதன், சோனகர் இனத்தால் தமிழரே என்று வாதிட்ட கட்டுரை வெளிவந்தது. அவர்கள் தமிழ் பேசுவதை அதற்கு ஒரு சான்றாகக் காட்டினார். 1907இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அதற்குப் பதில் எழுதி, சோனகரின் மூதாதையர் அரபிகள் என்று நிறுவ முயன்றார். அஸீஸ் அவர்களின் பதிலுக்கு அன்று அரசியல் தேவை இருந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் என்னைக் கேட்டால் இருவரும் ஒரே தவறான கேள்விக்குத்தான் விடை தேடினார்கள். அரபுக் கப்பலில் வந்த தந்தையும், தமிழ் பேசிய தாயும், காயல்பட்டினத்திலிருந்து வந்த மருமகனும் ஒரே குடும்பத்தில் இருக்க முடியாதா?

1990 ஒக்டோபரில் வடக்கின் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது சாவகச்சேரியிலிருந்த குடும்பங்களும் போயின. உம்மா சிறுமியாகப் புத்தளத்துக்குப் போய் அங்கே வளர்ந்து, கலியாணமாகி, பிறகு வாப்பாவுடன் இங்கே திரும்பி வந்தவர். யாழ்ப்பாணத்துப் பேச்சோடு போனவரின் பேச்சில் இன்று பாதி புத்தளம். எங்கள் வீட்டில் ஒரே நாளில் 'என்ன செய்யிறியள்' என்பதும் கேட்கும், 'என்ன செய்றீங்க' என்பதும் கேட்கும். முப்பது வருடத்தில் ஒரு வீட்டுக்குள் இவ்வளவு நடக்குமென்றால் இரண்டாயிரத்து முந்நூறு வருடத்தில் ஒரு தீவுக்குள் என்னென்ன நடந்திருக்கும்! எமது ஊர்ப் பெயரைக்கூட 13ஆம் நூற்றாண்டில் மலாய்ப் பக்கமிருந்து படையெடுத்து வந்த சாவகரோடு தொடர்புபடுத்திச் சாவகர் சேரி என்று விளக்குவோர் உண்டு. மலாய் மொழி இந்தோ-ஆரியமும் அல்ல, திராவிடமும் அல்ல.

யாழ்ப்பாண அரசர்களின் பட்டப்பெயர் உங்களுக்குத் தெரியும்: ஆரியச்சக்கரவர்த்தி. தமிழ் பேசிய, தமிழ்ப் புலவரை ஆதரித்த அரசர்கள். அவர்களுள் ஒருவரை 1344இல் மொரோக்கோப் பயணி இப்னு பதூதா சந்தித்தார். அதற்கு முன் அவர் மாலைதீவில் காழியாக இருந்து, அங்கே மணமும் முடித்து, அங்கிருந்து கப்பலேறி வந்தவர். பத்தாலா என்று அவர் எழுதியிருக்கும் துறைமுகத்தைப் புத்தளம் என்று ஆய்வாளர் கொள்கின்றனர். அரசருக்குப் பாரசீகம் விளங்கியது என்று பதூதா குறித்திருக்கிறார். முத்துகளைக் காட்டி உபசரித்த அரசர், என்ன வேண்டும் என்று கேட்க, ஆதம் (அலை) அவர்களின் பாதம் பதிந்ததாகச் சொல்லப்படும் மலைக்குப் போவதைத் தவிர வேறு ஆசையில்லை என்றார் பதூதா. அரசர் பல்லக்கும், வழி தெரிந்த யோகிகள் நால்வரும், பிராமணர் மூவரும், சுமை தூக்க ஆட்களும் கொடுத்து அனுப்பி வைத்தார்.